தலைக்கு நாலு டப்பா

எட்டாவது டப்பா அரிசியைப் பைக்குள் கொட்டிவிட்டு, ஒன்பதாவதுக்காக மூட்டைக்குள் விட்ட கையை அவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அளக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அங்கே பெண்கள் அவர் மனைவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விழும் சத்தம் சமையலறை வரை கேட்டது. நேற்று சாயங்காலமே போய்விட்டாள். தூரத்திலிருந்து அவள் தங்கை வந்து முகம் பார்க்க வேண்டும் என்று அடக்கத்தைக் காலையில், பெருநாள் தொழுகைக்குப் பிறகு வைத்திருந்தார்கள். புதுத்துணி போடுவதா வேண்டாமா என்று குழம்பி, இரண்டுக்கும் நடுவில் எதையோ போட்டுக்கொண்டு வந்த சொந்தக்காரர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பெருநாள் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்து, பாதியில் விழுங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

யார் போனாலும் யார் இருந்தாலும் பித்ரா அரிசி தொழுகைக்கு முன்பே ஏழை வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் எத்தனை தலையோ அத்தனைக்கும், தலைக்கு நாலு டப்பா. பெருநாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்து கிடக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட தர்மம். நோன்பு பிடித்த மாதத்தில் வாயாலும் கோபத்தாலும் செய்த குறைகளை அது கழுவிவிடும் என்றும் சொல்வார்கள். இவையெல்லாம் மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். டப்பாவும் அவளுடையதுதான். பழைய பால்பவுடர் டப்பா. உட்புறத்தில் மகளுடைய நகச்சாயத்தை வாங்கி ஒரு கோடு இழுத்து வைத்திருந்தாள். கோட்டுக்கு மேலே போனால் பரவாயில்லை, கீழே போனால் அவளிடம் பேச்சு வாங்க வேண்டும்.

அவருக்கு நாலு, மகளுக்கு நாலு. போன வருஷம் வரை யோசிக்காமல் மூன்றாவது ஆளுக்கும் அளந்துவிடுவார்.

"உம்மாவுக்கு அளக்கலையா வாப்பா?" என்று மகள் வாசற்படியில் நின்று கேட்டாள். கல்லூரிக்குப் போகிற பெண். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்து வரட்டும், கேட்டுக்கலாம்" என்றார் அவர்.

இந்த மாதிரிச் சந்தேகங்களை இத்தனை வருஷமும் அவர் எந்த ஹஜ்ரத்திடமும் கேட்டதில்லை. வீட்டிலேயே ஆள் இருந்தது. கொழுந்தியாளுக்கு ஜகாத் கொடுக்கலாமா, ஊசி போட்டால் நோன்பு போய்விடுமா, எது கேட்டாலும் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். அதனால் மார்க்கத் தீர்ப்புச் சொல்கிறவர் என்ற அர்த்தத்தில் அவளுக்கு 'முஃப்தி' என்று பேர் வைத்திருந்தார். அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்ரசர்தான். "முஃப்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டால், கத்தியை ஆட்டியபடி அவளும் சிரிப்பாள்.

நோன்பு எதற்கு என்பதையும் அவள்தான் ஒருநாள் சொன்னாள். நோன்பு மாதத்தில் எல்லார் வீட்டு ஃபிரிட்ஜும் ஒன்றாகச் சேர்ந்து படுத்துக்கொள்ளும் என்பது அவருடைய புகார். பத்து நாளைக்கு முன் ஒரு வாடிக்கையாளரைப் போனிலேயே அவர் காய்ச்சி எடுத்துவிட்டு உள்ளே வந்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "மத்தவங்க பசி நமக்குத் தெரியணும்னுதாங்க நோன்பு. உங்களுக்குப் பசிச்சா மத்தவங்க யாருமே தெரியறதில்லை."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அவளுக்கு இந்த வருஷம் நோன்பு இல்லை. நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தாள். இனிமேல் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்ட உடம்புக்கு நோன்பு கடமையில்லை, அதற்குப் பதிலாக நாளுக்கு ஓர் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று அவளே தனக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். தினமும் காலையில் டப்பாவை மடியில் வைத்துத் தன் கையாலேயே ஓர் அளவு அளப்பாள். கை நடுங்கி மெத்தையெல்லாம் அரிசியாகும். அளந்து தருகிறேன் என்று மகள் போனால் விட மாட்டாள்.

ஆனால் நோன்பு திறப்பதில் மட்டும் பங்கு வேண்டும் என்று அடம்பிடித்தாள். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தில் பாதியை ஒரு சின்னத் தட்டில் வைத்துத் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். சூரியன் மறைந்து பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் வாயில் போட்டுக்கொள்வாள். "உனக்குத்தான் நோன்பே இல்லையே, இப்பவே தின்னுட்டுப் படேன்" என்று அவர் சீண்டிப் பார்த்திருக்கிறார். முப்பது நாளில் ஒரு நாள்கூட அவள் பாங்குக்கு முன்னால் அதைத் தொட்டதில்லை.

அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள்ளும் இருப்பது ஒரு கம்ப்ரசர்தான். வாரா வாரம் பிரித்துத் துடைத்து, ஃபில்டர் மாற்றி, காதை வைத்துச் சத்தம் கேட்டு மூடுவார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. காற்றை அது கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, வாங்கிக்கொள்ள அவளால்தான் முடியவில்லை. ஊரில் யார் வீட்டு வாசலில் நின்றும் இந்த ஃபிரிட்ஜ் இத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுகிற மனுஷனுக்கு, தன் வீட்டில் ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

நேற்று கடைசி நோன்பு. முப்பது நிறைந்துவிட்டதால் பிறை தேடுகிற வேலை யாருக்கும் இல்லை. பாங்கு சொன்னால் மாதம் முடிந்தது. அவருக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆறு வீடு ஏறி இறங்கி, கையில் எண்ணெயோடு வந்து உட்கார்ந்தவரை அவள் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள். "கொஞ்சம் பக்கத்துல உக்காருங்களேன்."

"பாங்கு சொல்லட்டும். வாயை நனைச்சுட்டு வர்றேன். நீ எங்க ஓடிடப் போறே?"

அவள் சிரித்த மாதிரித்தான் இருந்தது. போய் வாருங்கள் என்பது போல விரல்களை அசைத்தாள். அவர் சமையலறைக்குப் போய், மகள் எடுத்து வைத்திருந்த தண்ணீருக்கு முன்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு சொன்னது. தண்ணீர் குடித்தார், பழம் தின்றார். பசி அடங்கவில்லை என்று மகளிடம் இன்னும் வாங்கித் தின்றார். நடுவில் ஒரு போன், ஐஸ் கட்டவில்லையாம். வாயில் சோற்றோடு பதில் சொன்னார். தொழுதுவிட்டே போய் நிம்மதியாக உட்காரலாம் என்று தொழுதார். அப்புறம்தான் போனார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் கூப்பிட்டிருந்தாலும் சமையலறைக்குக் கேட்டிருக்காது. கையைத் தொட்டால் சூடு இருந்தது, வேறொன்றும் இல்லை.

வந்த டாக்டர், உயிர் போன நேரம் தெரியாததால் தான் வந்த நேரத்தை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மகள் அழுதுகொண்டே அறையை ஒதுக்கினாள். மாத்திரை அட்டை, தண்ணீர்க் குவளை, தட்டு எல்லாவற்றையும் யாரோ வாங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்கள். மிஷினை மட்டும் அவரே நிறுத்தினார்.

இதோ, ஹஜ்ரத் வந்துவிட்டார். மெக்கானிக்கைவிட வயதில் இளையவர். சமையலறை வாசலிலேயே நின்று ஸலாம் சொன்னார். அரிசிப்பையைப் பார்த்துவிட்டு, தொழுகைக்குப் போகிற வழியில் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவதாகவும், யாருக்கு என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் சொன்னார். சாணை பிடிக்கிறவர் வீட்டுக்கு என்றார் மெக்கானிக். அவள் போன மாதமே சொல்லி வைத்த வீடு. கேட்டு வருகிறவர்களுக்கு ஊரே கொடுக்கும், கேட்க வெட்கப்பட்டு உள்ளேயே இருக்கிறவர்களைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்பாள்.

"ஹஜ்ரத்து, அவளுக்கும் அளக்கணுமா?"

ஹஜ்ரத் சட்டத்தைச் சொன்னார். கடைசி நோன்பன்று சூரியன் மறையும்போது யார் உயிரோடு இருக்கிறார்களோ அவர்களுக்குப் பித்ரா கடமை. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போயிருந்தாலும் கடமையில்லை. ஒரு நிமிஷம் கழித்துப் போயிருந்தால் கடமை. சொல்லிவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். "பாங்கு சொல்லும்போது உயிர் இருந்துச்சா பாய்?"

மெக்கானிக் டப்பாவின் விளிம்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

ராத்திரி முழுக்க அவர் தனக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாங்குக்கு முன்னால் என்றால், அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். அவர் சாப்பிட்டதற்கும் அவளுக்கும் சம்பந்தம் இல்லை. பாங்குக்குப் பிறகு என்றால், சொன்ன வார்த்தையை நம்பி, இதோ வருகிறார் இதோ வருகிறார் என்று கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கட்டினவளின் உயிர் ஐந்து நிமிஷம் முன்கூட்டியே போயிருக்கட்டும் என்று ஆசைப்படுகிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆசை போகவில்லை.

"பக்கத்துல யாரும் இல்லை ஹஜ்ரத்து. நோன்பு திறந்துட்டு இருந்தோம்."

ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார். சந்தேகம் என்றால் கொடுத்துவிடுவதே பேணுதல் என்றார். கடமையாக இல்லாவிட்டாலும் தர்மமாகச் சேர்ந்துவிடும், அரிசி எப்படியும் ஓர் ஏழை வயிற்றுக்குத்தானே போகிறது.

"கொடுக்கலாமான்னு நான் கேக்கலை ஹஜ்ரத்து. பத்து ஆளுக்குன்னாலும் கொடுத்துடறேன். கடமையா இல்லையான்னு சொல்லுங்க."

"அதை நான் எப்படிச் சொல்றது பாய்?" என்றார் ஹஜ்ரத். அவர் குரலும் இறங்கிவிட்டது.

உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. விடியும் முன்பே ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்ட கொழுந்தியாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கற்பூரம் வேண்டுமாம். மகள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு திரும்பியவள், ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"மச்சான், கடைசியா அக்காவுக்கு ஊட்டினது யாரு?"

"ஏன்?"

"வாயைச் சுத்தம் பண்ணும்போது கன்னத்துக்குள்ள பேரீச்சம்பழம் ஒதுங்கி இருந்துச்சு. கொஞ்சம் மென்னிருக்காங்க, முழுங்க முடியலை போல. துணி வச்சு எடுத்துட்டேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெறும் வாயோட போகலையே மச்சான். அதுவரைக்கும் நிம்மதி."

அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கற்பூரத்தோடு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

மகள் சுவரோடு சுவராக நின்றாள். நேற்றும் தலைமாட்டுத் தட்டில் அந்தப் பாதிப் பழத்தை வைத்தவள் அவள்தான், ஊட்டியவர் யாரும் இல்லை. அவர் மகளைப் பார்க்கவில்லை. மகளும் அவரைப் பார்க்கவில்லை.

"பாய்?" என்றார் ஹஜ்ரத்.

"கடமைதான் ஹஜ்ரத்து."

அவர் டப்பாவை மூட்டைக்குள் இறக்கினார். கோடு வரை நிரப்பி, கோட்டுக்கு மேலும் ஒரு பிடி போட்டுப் பைக்குள் கொட்டினார். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் கை நடுங்கித் தரையெல்லாம் அரிசியாயிற்று. மகள் குனிந்து பொறுக்கப் போனாள். அவர் விடவில்லை. தானே மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு, அளவு சரியா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொட்டினார். பையின் வாயைக் கட்டி ஹஜ்ரத்திடம் கொடுத்தார். கனமாக இருந்தது, ஹஜ்ரத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தொழுகைக்கு முன்னாடி ஏதாவது வாயில போட்டுக்குங்க பாய். இன்னைக்கு நோன்பா இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மகள் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு பழத்தை எடுத்து இரண்டாகப் பிளந்தார். கொட்டையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. யாரோ அவரை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் பழத்தைக் கன்னத்தில் ஒதுக்கியபடி, மெல்லாமல், சாத்தியிருந்த கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.