நான் ஒண்ணும் சொல்லலையே

திரையில் பல் டாக்டரின் வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது. ஊரார் வாயை எல்லாம் இப்படித் திறந்து வைத்துப் பார்ப்பவர் அவர். அவர் வாயை இத்தனை நேரம் பார்க்கும் பாக்கியம் மூத்த மருமகளுக்குத்தான் கிடைத்தது. ஹெட்செட்டைத் தட்டினாள். "டாக்டர், கேக்குதா?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. இணைப்பு போயிருந்தது.

கூடத்துக்கு ஓடி வந்தாள். நெட் பெட்டியின் ஒயர் பிடுங்கப்பட்டு, பூ ஜாடிக்குப் பக்கத்தில் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சோபாவில் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கையும் அவள் கணவரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தை, நெட்ட யாரு ஆஃப் பண்ணது?"

"வந்துட்டியாம்மா! யாரு வந்திருக்காங்க பாரு."

"எனக்கு இன்னிக்குக் கடைசி டெஸ்ட் கால் அத்தை. இதுல பாஸ் ஆனாத்தான் வேலை நிலைக்கும். காலையிலயே சொன்னேனே!"

"நான் வேணாம்னா சொன்னேன்?" மாமியார் விருந்தாளிகளைப் பார்த்துக் கையை விரித்தாள். "நான் ஒண்ணும் சொல்லலையே! வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்கறப்ப இவ பொட்டிகிட்ட பேசிட்டிருக்காளேன்னு ஒயருக்கே தாங்கல போல. தானா கழண்டுக்கிச்சு."

விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூத்த மருமகள் டீ போட்டாள். அவர்கள் கிளம்புவதற்குள் பல் டாக்டரிடமிருந்து மரியாதையான நாலு வரி வந்துவிட்டது. லைனில் இருக்கக்கூடிய வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டாராம்.

அவள் வர்ச்சுவல் அசிஸ்டென்ட். பெயர்தான் பெரிது. எங்கோ ஒருவர் பல் பிடுங்குவார். அவருக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் போட்டு, யாருக்கு எந்த நேரம் என்று குறித்து, வராமல் போனவர்களைக் கோபப்படாமல் விசாரிப்பவள் தன் வீட்டு அறையில் உட்கார்ந்திருப்பாள். அந்த டாக்டரைப் பொறுத்தவரை அவள் ஆபீஸில் இருந்தாள். கூடத்தில் இருந்தவர்களைப் பொறுத்தவரை "வீட்டுலதானே சும்மா இருக்கா".

அந்த வீட்டில் யாரும் யாரையும் வேலை ஏவியதே கிடையாது. அப்படியொரு நாகரிகமான குடும்பம். மாமனார் ரிட்டயர் ஆனவர். பேப்பரைத் தாழ்த்தி, "தொண்டை ஏதோ வறண்டாப்புல இருக்கு" என்று ஃபேனிடம் சொல்வார். டீ வரும். கணவன் அலமாரியிடம், "சட்டையெல்லாம் கசங்கிக் கெடக்கு" என்பான். இஸ்திரி ஆகிவிடும். (இதை எழுதுகிற எனக்கும் வெகுகாலம் இப்படித்தான் வெந்நீர் வந்துகொண்டிருந்தது. ஃபேன்தான் போட்டுத் தருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) யாராவது யாரிடமாவது நியாயம் கேட்டால், அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான்: "நான் ஒண்ணும் சொல்லலையே!"

மாமியாரும் இந்தப் பதிலில் அடிபட்டு வந்தவள்தான். ஒரு காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவள் குரலைக் கேட்பதற்காகவே ட்ரங்க் கால் போட்டவர்கள் உண்டு என்பது குடும்ப வரலாறு. கல்யாணமான புதிதில் வேலையை விட்டாள். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், "யாரும் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் விட்டேன்" என்பாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள்.

பல் டாக்டர் கைவிட்ட பிறகு, இந்த வேலைக்குப் பயிற்சி கொடுத்த அம்மாள் மூத்த மருமகளைத் திரையில் கூப்பிட்டுப் பேசினாள். கறாரான பெண்மணி, சிரித்தால் நெட் செலவாகும் என்று நினைப்பவள்.

"புதுசா வர்றவங்க எல்லாரும் எதுல கவுறாங்க தெரியுமா? ஊகத்துல. முதலாளி ஒண்ணு சொன்னா, நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு செஞ்சுடறீங்க. அது கூடாது. சொல்லாததைச் செய்யாதீங்க. சொன்னதை அப்படியே பச்சையாத் திருப்பிச் சொல்லி, 'சரிதானே'ன்னு கேளுங்க. அவங்க வாயால 'ஆமா' வந்தாத்தான் வேலையில கை வைக்கணும்."

"சரிங்க மேடம்."

"என்ன சரி? திருப்பிச் சொல்லுங்க."

சொன்னாள்.

"ம். அடுத்த வாரம் ஒரு வீட்டுத் தரகர் ஆள் கேட்டிருக்கார். உங்களை அனுப்பறேன். மறுபடியும் லைன் கட்டாச்சுன்னா உங்க பேர எடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது."

மூத்த மருமகள் அழவில்லை. நெட் பெட்டியைக் கூடத்திலிருந்து கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோனாள். பிறகு கதவில் சாய்ந்து யோசித்தாள். அசிஸ்டென்ட் வேலைக்கு ஊகம்தான் எமன் என்கிறார்கள். மருமகள் வேலையில் ஊகத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவளுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை அது.

மறுநாள் காலை மாமியார் சுவரிடம் சொன்னாள், "சமையக்கட்டு ஒரே ஈரமாக் கெடக்கு."

"சமையக்கட்டு ஈரமா இருக்குன்னு சொல்றீங்க. அத்தை, இது தகவலா, வேலையா?"

"என்னது?"

"தகவல்னா கேட்டுக்கிட்டேன். வேலைன்னா 'நீ தொடை'ன்னு சொல்லுங்க, தொடைக்கறேன்."

"ஐயோ, நான் உன்ன ஒண்ணும் சொல்லலையேம்மா!"

"அப்ப தகவல்," என்று அறைக்குள் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். சமையலறை ஈரமாகவே இருந்தது. கணவன் கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனான். "ஆமாங்க, கசங்கித்தான் இருக்கு" என்று அவன் தகவலை அவள் உறுதிப்படுத்தியிருந்தாள். மாமனாரின் தொண்டை மட்டும் வறளவில்லை. அதை நனைக்க மாமியார் இருந்தாள்.

மூத்த மருமகளுக்கு இதெல்லாம் சில்லறை. அவள் காத்திருந்தது கொழுந்தனுக்குப் பார்த்திருந்த பெண்ணும் அவள் அம்மாவும் வீடு பார்க்க வரும் நாளுக்காக.

வந்தார்கள். பெண் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்பவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், கண்ணைப் பார்த்துச் சொன்னாள். மூத்த மருமகள் ஒயர் கிடந்த அதே பூ ஜாடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாமியார் தேனாகத் தொடங்கினாள். "நாங்க எதுவுமே கேக்கறதில்லீங்க. பொண்ணு சந்தோஷமா இருந்தாப் போதும். என்ன, இந்த ஷிஃப்ட் வேலை... ராத்திரி, பகல்னு உடம்பு என்னத்துக்கு ஆகும்? எங்க மூத்தவளப் பாருங்க. வீட்டோட இருந்துக்கிட்டே ஜம்முனு வேலை பாக்கறா. நாங்க ஒரு வார்த்தை சொன்னது கெடையாது."

"ஒரு நிமிஷம் அத்தை," என்றாள் மூத்த மருமகள். குரலில் அத்தனை பணிவு. "நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாத்துக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறம் இவங்க லேப் வேலைய விட்டுடணும். வேணும்னா என்ன மாதிரி வீட்டுல ஏதாவது பாத்துக்கலாம். யாராவது விருந்தாளி வந்தா நெட் ஒயரப் பிடுங்கிடுவோம். வேலை போனாலும் டீ போடணும். சரிதானே?"

மாமனார் பேப்பரை முகத்துக்கு மேல் உயர்த்திக்கொண்டார்.

"என்னடி பேசற? நான் அப்படியா சொன்னேன்?"

"எதத் தப்பாச் சொன்னேன்னு சொல்லுங்க அத்தை, திருத்திக்கறேன்."

மாமியார் பக்கம் திரும்பினாள் பெண். "சொல்லுங்க ஆன்ட்டி. நான் வேலைய விடணுமா, வேணாமா?"

நாற்பது வருஷக் குடும்பம் நடந்ததே இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான். 'விடணும்' என்றால் கேட்டதாக ஆகிவிடும். 'வேணாம்' என்றால் வாக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். மாமியார் வாயைத் திறந்தாள். பல் டாக்டரைப் போலவே பாதியில் நின்றுவிட்டது. மூத்த மருமகள் அந்த வாயை ஆசை தீரப் பார்த்தாள்.

பெண் கொழுந்தனிடம் கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நானா? நான் ஒண்ணும் சொல்லலையே..."

"சரி. நல்லாப் புரிஞ்சுது," என்று எழுந்தாள் பெண். அம்மாவோடு வாசலில் செருப்பை மாட்டும்போது மூத்த மருமகளைப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றாள்.

கதவு சாத்தியதும் மாமியார் வெடித்தாள். "குடியக் கெடுத்துட்டியேடி! என்ன சொல்லி அனுப்பிட்ட பாரு!"

"நான் ஒண்ணும் சொல்லலையே அத்தை. நீங்க சொன்னதத் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்."

"இந்தத் திருப்பிச் சொல்ற வியாதி எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமனார் பேசினார். கூடத்தை லேசாக்கலாம் என்று நினைத்தார், பாவம். "உனக்கும் இருந்துச்சே அந்த வியாதி! எக்ஸ்சேஞ்சுல நம்பரத் திருப்பிச் சொல்லி சரிதானேன்னு கேட்டுட்டுத்தான் லைன் குடுப்ப. அந்தக் குரலுக்குத்தானே நான் மயங்கினேன். அனாவசியமா வேலைய விட்டுட்ட."

மாமியார் மெதுவாகத் திரும்பினாள். "அனாவசியமாவா?"

"பின்ன? நான் உன்ன விடச் சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லலையே!"

மாமியார் உட்கார்ந்துவிட்டாள். மூத்த மருமகளின் அறையில் கால் வரும் மணி அடித்தது. தரகர். அவள் ஓடினாள், கதவைச் சாத்தப் போனவள் ஏனோ ஒரு விரல்கடை விட்டு வைத்தாள்.

கூடத்தில் மாமனார் பேப்பரைத் தாழ்த்தி, ஃபேனைப் பார்த்துச் சொன்னார்.

"தொண்டை ஏதோ வறண்டாப்புல இருக்கு."

நாற்பது வருஷமாக யாரும் கேட்டிராத ஒரு குரல், மணி மாதிரி, எழுத்து எழுத்தாகப் பதில் சொன்னது.

"தொண்டை வறண்டாப்புல இருக்கு. சரிதானே?"

"ஆ... ஆமா."

"லைன்ல இருங்க," என்றாள் மாமியார். சொல்லிவிட்டு, அவர் மடியிலிருந்த பேப்பரை எடுத்துப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள்.