மீன்தொட்டிக்கு முன்னால்

அலுமாரியின் மேல், அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் இன்ரநெற் றவுட்டரை வைத்துவிட்டு, ஜசிந்தா கதிரையில் நின்றபடியே கழுத்தைத் திருப்பிக் கீழே பார்த்தாள். மேசையில் சாய்த்துவைத்த போனில் தம்பி றொபேட் வாய் பாதி திறந்தபடி நின்றுபோயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், இங்கே பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, பிரான்சிலிருந்து அவன் எடுக்கிற அழைப்பு அது. தாய் அல்போன்சம்மா பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் போனுக்கு முன்னால் இருந்தாள்.

"இன்னும் வரேல்லையடி. சன்னல் பக்கம் திருப்பு."

"திருப்பிட்டன் அம்மா."

"திருப்பினா ஏன் பிள்ளை அப்பிடியே நிக்கிறான்? ஒரு அலுவலும் ஒழுங்காச் செய்யத் தெரியாது உனக்கு!"

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தியை ஊருக்கே கேட்கிற மாதிரி இப்படித்தான் ஏசுவாள். குளிக்க வார்ப்பது, முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது, முள் எடுத்து மீன் கொடுப்பது எல்லாம் ஜசிந்தா. கண் நிறையப் பார்ப்பது மட்டும் போனில் நிற்கிற மகனை.

ஒரு வருசமாக இதே கூத்துத்தான். றவுட்டர் குசினிக்குப் போனது, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் ஏறியது, ஒரு மாரி முழுக்கச் சொப்பிங் பைக்குள் சுற்றி முருங்கையில் கட்டப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கடல்பாதை தாண்டித் தீவுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிற லைன்காரன் றஜீபன் பெட்டியை மாற்றினான், வயரை மாற்றினான், கூரையில் ஒரு அன்ரெனாவும் பூட்டினான். கடைசியாக வந்தபோது அவனுக்கே அலுத்துவிட்டது. தன் போனில் ஒரு படத்தைத் தங்குதடையில்லாமல் ஓடவிட்டுக் காட்டி, "அக்கா, இனி மாத்திறதெண்டா உங்கட வீட்டைத்தான் மாத்தவேணும். இஞ்சாலை ஒரு பிழையும் இல்லை. அங்காலை பாக்கச் சொல்லுங்கோ" என்றான். அவன் படலையைத் தாண்டியதும், "அவனுக்கென்ன தெரியும்" என்று முடித்துவிட்டாள் அல்போன்சம்மா.

கதிரையில் நின்ற ஜசிந்தாவுக்கு இப்போது அந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. ஏனென்றால் றொபேட்டின் தோளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடித் தொட்டியில், செம்மஞ்சள் மீன் ஒன்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், ஆறுதலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வலை இழுத்துப் பிள்ளைகளை வளர்த்த அப்புவின் மகன் காசு கொடுத்து மீன் வாங்கிச் சோறு போட்டு வளர்க்கிறான் என்று முன்பு சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றுக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. றொபேட் மட்டும் அசையவில்லை. பிறகு அவனுடைய தொண்டை ஒருதரம் மெல்ல ஏறி இறங்கியது. அடுத்த கணம் அழைப்பு அறுந்தது.

"போட்டுது," என்றாள் அல்போன்சம்மா. "பாவம் பிள்ளை, கதைக்க எவ்வளவு ஆசையா எடுத்தவன்."

ஜசிந்தா கதிரையிலிருந்து இறங்கினாள். எப்போதெல்லாம் லைன் நின்றது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "எப்ப மோனை வாறாய்?" உடனே படம் நின்றுவிடும். நண்டுக் குழம்பைப் பற்றிக் கேட்டபோது நின்றதில்லை. புதுச் சுவாமியாரின் பிரசங்கத்தைப் பற்றிக் கேட்டபோது நின்றதில்லை. அப்பு செத்தபோதும் வராதவன், இனியும் வரப்போவதில்லை என்று சொல்லத் துணிவில்லாமல், சுரூபம் மாதிரி இருந்து நடித்திருக்கிறான். அவனுடைய நடிப்புக்கு அவள் முருங்கையில் ஏறியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபம் அன்றோடு ஆறியிருக்கும். ஆறவிட அவளுக்கு விருப்பமில்லை. அந்தக் கிழமை முழுக்க மீன் செதில் உரசும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் சொல்லப்போகிற வசனத்தை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே திரிந்தாள். சாட்சிக்கு ஒரு ஆளும் வேண்டும். சின்னம்மா இரஞ்சிதத்தைவிடப் பொருத்தமான ஆள் இந்தத் தீவில் இல்லை. அவளிடம் ஒன்றைச் சொன்னால், ஊர்காவற்றுறையில் பஸ் வெளிக்கிட முன்னமே அது பக்கத்து ஊரான சரவணைக்குப் போய்விடும். "ஞாயிறு பூசை முடிய வாங்கோ சின்னம்மா, தம்பியோடை கதைக்கலாம்" என்று தேனாக அழைத்தாள்.

றொபேட் எடுத்தான். சின்னம்மாவைக் கண்டு முகம் மலர்ந்து சுகம் விசாரித்தான். பனிக் கதையும் வேலைக் கதையும் முடிந்தன. ஜசிந்தா தேத்தண்ணியைப் பரிமாறிவிட்டுக் காத்திருந்தாள். அல்போன்சம்மா போனை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"எப்ப மோனை வாறாய்?"

நின்றுவிட்டான். இந்த முறை தலை சற்றுச் சரிந்து, ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி. நல்ல நடிகன்தான்.

"ஜசிந்தா, ஓடிப்போய் அந்தச் சனியனை..."

ஜசிந்தா ஓடவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் வசதியாக இருந்துகொண்டு, போனுக்குக் குனிந்தாள்.

"தம்பி, உன்ரை மீன் நல்ல வடிவு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ப்போய் வருது. லைன் நிண்டா மீனுமெல்லோ நிக்கவேணும்?"

றொபேட் அசையவில்லை. இனி அசைந்தால் இன்னும் கேவலம் என்று அவனுக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். அதுதான் இனித்தது.

"கண்ணை வெட்டு ராசா. எரியப்போகுது."

அவன் கண்ணைச் சிமிட்டினான். கண் இரண்டும் நிரம்பியிருந்தன. வாய் எதையோ தேடியது. பிறகு போன் இருண்டது. இரஞ்சிதம் "மாதாவே" என்றாள். ஜசிந்தாவின் நெஞ்சு பல வருசத்துக்குப் பிறகு நிறைந்தது. அம்மா இனி அழுவாள், அவனைத் திட்டுவாள், என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தாள்.

அல்போன்சம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"உன்னை ஆர் மீனைப் பாக்கச் சொன்னது?"

"அம்மா, அவன் நடிச்சவன்!"

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே? நான் பெத்த பிள்ளை. அசைஞ்சுகொண்டிருந்தா ரெண்டு கதை கதைச்சிட்டு வேலையெண்டு போயிடுவான். அந்தக் கேள்வியைக் கேட்டாத்தான் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் இருப்பான். அப்பதான் நான் அவன்ரை முகத்தை ஆசைதீரப் பாக்கிறனான்."

இரஞ்சிதம் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தாள். ஜசிந்தா கதிரையை விட்டு எழும்பினாள்.

"அப்ப என்னை ஏசினது? முருங்கையிலை ஏத்தினது?"

"அவனுக்குக் கேக்கட்டும் எண்டுதான். நாங்கள் நம்புறம் எண்டு அவன் நினைக்க வேணுமெல்லோ. இனி எந்த முகத்தோடை எடுப்பான்?"

தம்பியை நோக்கி எறிந்த கல் எங்கே விழுந்தது என்று யோசிக்கிற நிலையில் ஜசிந்தா இல்லை. இருவருமாகச் சேர்ந்து கண்ணாமூச்சி விளையாட அவளை ஏணியாக்கியிருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கிழமை அவள் அம்மாவோடு கதைத்தது மிகக் குறைவு. கோப்பையை வைத்த சத்தத்தில் பூனைகூட எழும்பி ஓடியது. எண்ணெய் தேய்த்தாள், ஆனால் தேவைக்கு அதிகமாக அழுத்தித் தேய்த்தாள். அல்போன்சம்மா மற்ற முழங்காலையும் நீட்டினாள்.

ஞாயிறு வந்தது. அல்போன்சம்மா பூசைச் சேலையோடு போனுக்கு முன்னால் இருந்தாள். போன் அடிக்கவில்லை. வெயில் முற்றத்தைத் தாண்டிப் படிக்கு வந்தது. ஜசிந்தா குசினிக்கும் அறைக்குமாக நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் அலுமாரியின் மேலே பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மறக்கவில்லை.

"றவுட்டர் நல்லா வேலை செய்யுதம்மா. எல்லா லைற்றும் பச்சை."

அல்போன்சம்மா போனைத் துடைத்துத் திரும்பவும் சாய்த்துவைத்தாள். அடுத்த நடையில் ஜசிந்தா, "இண்டைக்கு மாதிரி லைன் ஒருநாளும் இருந்ததில்லை" என்றாள். சொல்லச் சொல்ல நன்றாக இருந்தது.

படலை கிறீச்சிட்டது. இரஞ்சிதத்தின் குடை தெரிந்தது. அல்போன்சம்மா பதைத்துத் திரும்பினாள்.

"கெதியாப் போய் அந்த வயரைக் கழட்டு."

"ஏன்?"

"லைன் இருந்தும் பிள்ளை எடுக்கேல்லையெண்டு நான் எப்பிடியடி சொல்லுவன்? கழட்டு!"

"மாட்டன். கிடந்து எரியட்டும்."

அல்போன்சம்மா மேசையைப் பிடித்து எழும்பினாள். ஜசிந்தா நம்பவில்லை. வீங்கிய முழங்காலைக் கையால் தூக்கிக் கதிரையில் வைத்து, அலுமாரிக் கதவைப் பற்றிக்கொண்டு, அவள் ஏறியே விட்டாள். கதிரை ஆடியது. ஜசிந்தா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்தாள். கைக்குப் பக்கத்தில் அம்மாவின் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மேலே வயர் இழுபட்ட சத்தம் கேட்டது. பச்சை வெளிச்சம் எல்லாம் போனது.

"என்னக்கா, மகன் எடுத்தவனே?" இரஞ்சிதம் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"லைன் இல்லையடி," என்றாள் அல்போன்சம்மா கதிரையின் மேல் நின்று. "காலமை துவக்கம் இல்லை."

இரஞ்சிதம் தமக்கையைப் பார்த்தாள். அவளுடைய கையில் தொங்கிய வயரைப் பார்த்தாள். பிறகு கீழே கதிரையைக் கட்டிப்பிடித்திருந்த ஜசிந்தாவைப் பார்த்தாள். ஜசிந்தாவின் வாயில் வார்த்தை வந்து நின்றது. ஆனால் இரஞ்சிதம் முந்திவிட்டாள்.

"எங்கட பக்கமும் இல்லையக்கா. தீவு முழுக்க இல்லையாம்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய கைப்பைக்குள் வட்ஸ்அப் மணி அடிக்கத் தொடங்கியது. சுவிசிலிருந்து மகளாக இருக்கும், ஞாயிறுதோறும் இந்த நேரத்துக்குத்தான் எடுப்பாள். இரஞ்சிதம் பையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு அசையாமல் நின்றாள். அது விட்டுவிட்டு அடித்தது. கதிரையில் நின்றவளும், கதிரையைப் பிடித்தவளும், வாசலில் நின்றவளும், அப்படி ஒரு சத்தமே இல்லாத மாதிரி, அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.