டீச்சர் பழக்கிக் கொடுத்த பூட்ஸ்

கெண்டைக்கால் வரை ஏறிய கறுப்பு பூட்ஸோடு டீச்சர் சமையலறைக்குள் டக் டக்கென்று நடந்து வந்து, பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கினாள். மேலே வீட்டில் உடுத்தும் பழைய நைட்டி, கீழே மலையேறப் போகிறவன் பூட்ஸ். வேறு யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். அவள் கணவன் சிரிக்கவில்லை. தேநீருக்குக் காத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குதிகால்ல இன்னும் இறுக்கமா இருக்கா?"

"இறுக்கமா? இடுக்கியால புடிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப தோல் இன்னும் இளகலை. சும்மா நிக்காத. மாடிப்படி ஏறி எறங்கு. கணுக்கால் நல்லா மடங்கணும்."

"ஸ்கூல்ல பிள்ளைங்களை நான் ஓட விடுறேன், வீட்டுல என்னை நீங்க ஓட விடுறீங்க. அந்த விசிலையும் எடுத்து ஊதிடுங்களேன்."

சொல்லிவிட்டு அவள் மாடிப்படி ஏறத்தான் செய்தாள். டீச்சர் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. நாள் முழுக்க மைதானத்தில் ஓடவும் குதிக்கவும் கற்றுத் தருகிறவள். அவளுக்குக் கால்தான் சோறு போட்டது. பள்ளிக்கு அப்போது விடுமுறை. கணவனுக்கோ ஏ.சி. பழுதுபார்க்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் வேலை, காலையிலிருந்து மாலை வரை பளபளக்கும் ஆபீஸ் ஷூவில் நின்றாக வேண்டும். அதனால், அவனுடைய புது பூட்ஸைப் போட்டுப் பழக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. அவளால் முடிந்ததற்குக் காரணம், இருவருக்கும் ஒரே அளவுப் பாதம். கல்யாணமான புதிதில் ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு போய் அசடு வழிந்த கதையெல்லாம் உண்டு.

விடுமுறை நாட்களில் அவனுக்கு வேறு பெயர். பைக்கில் தூரப் பயணம் போகும் நண்பர்கள் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன், எல்லோரும் அவனைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்த பூட்ஸை அவன் எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட அவன் அவ்வளவு யோசித்ததில்லை. கணுக்கால் எலும்புக்கு இரண்டு பக்கமும் தகடு வைத்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான். அடிப்பாகம் ஒட்டியதா, தைத்ததா என்று திருப்பிப் பார்த்தான். கியர் தட்டும் இடத்தில் தடித்த ஒட்டு இருக்கிறதா, மழைத் தண்ணீர் உள்ளே போகுமா, ஜிப்புக்கு மேல் மூடி இருக்கிறதா என்று கேட்டுத் துளைத்தான். கடையில் நிறுத்தியிருந்த பைக்கில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தான். டீச்சர் அவன் கழற்றிப் போட்ட ஷூவையும் தலைக்கவசத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தோல் கெட்டியா இருக்கு சார். வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா மொதல்ல கடிக்கும். கனமான சாக்ஸ் போட்டு வீட்டுலயே நடந்து பழக்கிட்டுத்தான் பயணத்துக்குப் போடணும்" என்ற கடைக்காரர், டீச்சர் பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு எது காட்டட்டும்?"

டீச்சரின் கை அதற்குள் பக்கத்துத் தட்டிலிருந்த பழுப்பு நிற ஜோடி ஒன்றைத் தொட்டிருந்தது. கேப்டன் சிரித்தான்.

"அவளுக்கு எதுக்கு? சும்மா பின்னாடி உக்காந்து வர்றவதானே. ஏம்மா, உன்கிட்டதான் கேன்வாஸ் ஷூ இருக்கே?"

"இருக்கு" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

பணம் இல்லாமல் இல்லை. அந்த வாரமே பைக்கின் இரண்டு பக்கமும் தொங்க, பளபளவென்று இரண்டு இரும்புப் பெட்டிகள் வாங்கி மாட்டினான். யோசனைதான் இல்லை. அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் மனைவி காலிலும் பூட்ஸ் கிடையாது. இருக்கவேண்டும் என்று ஒருவனுக்கும் தோன்றியதும் கிடையாது.

டீச்சர் விடாமல் நடந்தாள். பாத்திரம் தேய்க்கும்போதும் பூட்ஸ், துணி உலர்த்தும்போதும் பூட்ஸ். ஒரு நாள் இரண்டு குதிகால்களிலும் தோல் வழண்டுபோய், பஞ்சு வைத்துக்கொண்டு மறுபடியும் மாட்டினாள். நொண்டி நடந்தவளைப் பார்த்து, "சூப்பர், தோல் இளகுது" என்றான் கேப்டன். அவன் சொன்னது பூட்ஸின் தோலை.

பயணத்தன்று காலை அவன் அதைப் போட்டுப் பார்த்தான். காலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

"ஆஹா! பஞ்சு மாதிரி இருக்குடி. உனக்குக் கோயிலே கட்டலாம்."

"கோயில் வேணாம். வளைவுல மெதுவாப் போங்க, அது போதும்" என்று அவள் கேன்வாஸ் ஷூவின் கயிற்றைக் கட்டினாள்.

பைக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாலையில் குழியோ ஜல்லியோ கிடந்தால், முன்னால் போகிறவன் அந்தப் பக்கத்துக் காலை வெளியே நீட்டிக் காட்டுவான். பின்னால் வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். மலைச்சாலையின் ஒரு வளைவில் இடது ஓரமாக ஜல்லி சிந்திக் கிடந்தது. கேப்டன் பார்த்துவிட்டான். ஆனால் அவனுக்குப் பின்னால் இன்னொரு பைக்கில் நண்பன் ரேடியோ வந்துகொண்டிருந்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். அவன் தலைக்கவசத்தின் மேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. புது பூட்ஸ் படத்தில் நன்றாகத் தெரியட்டும் என்று கேப்டன் இடது காலைக் கொஞ்சம் அதிகமாகவே நீட்டினான், கொஞ்சம் அதிக நேரமும் நீட்டினான். ஜல்லியைக் காட்டிக்கொண்டே ஜல்லிக்குள் போனான்.

பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பைக் இடப்பக்கம் சாய்ந்து, இழுத்துக்கொண்டு போய் நின்றது. அவன் கால் வண்டிக்கு அடியில் மாட்டியது, உருவிக்கொண்டு எழுந்துவிட்டான். வலிகூட இல்லை. ரேடியோ ஓடி வந்து முதலில் பார்த்தது அவன் காலைத்தான்.

"கேப்டன்! பாத்தியா? ஒரு கீறல் இல்ல! என்னா பூட்ஸுடா இது!"

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டீச்சர் கத்தவில்லை, மூச்சை உள்ளே இழுத்த சத்தம்தான் அது. பளபளத்த இரும்புப் பெட்டியின் விளிம்பு, வண்டியின் மொத்தப் பாரத்தோடு, அவள் இடது கணுக்கால் மேல் நின்றது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூ சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் கேப்டனுக்குக் கோர்வையாக நினைவில்லை. யாரோ வண்டியைத் தூக்கினார்கள், ஒரு காய்கறி வேன் நின்றது, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சீக்கிரம் போங்க, கும்பிடுறேன், சீக்கிரம் போங்க" என்று ஓட்டுநரிடம் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தான்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த டாக்டரின் முகத்தில் அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

"எலும்பை விடுங்க, அதைச் சேத்துடலாம். பாதத்துக்குப் போற ரத்தக்குழாய் நசுங்கியிருக்கு. தைச்சிருக்கோம். விரல் சூடா இருந்துச்சுன்னா ரத்தம் போகுதுன்னு அர்த்தம். ஜில்லுனு ஆயிடுச்சுன்னா பாதத்தை எடுத்துத்தான் ஆகணும். இல்லேன்னா உயிருக்கு ஆபத்து."

"ஐயோ, அவ பி.டி. டீச்சர் டாக்டர். ஓடணும்."

டாக்டர் அவன் காலைப் பார்த்தார். "நீங்கதான் ஓட்டுனீங்களா? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"பூட்ஸ் போட்டிருந்தேன்."

"அவங்களுக்கு?"

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களையும் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். சூடாகத்தான் இருக்கிறதா? இல்லை, தன் கைச்சூடுதானா? கையை எடுத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தான். கன்னத்தை வைத்துப் பார்த்தான். நர்ஸ் வந்து தொட்டபோதெல்லாம் அவள் வாயையே பார்த்தான். "சூடா இருக்குல்ல சிஸ்டர்? இருக்குல்ல?" நர்ஸ் முதலில் தலையாட்டினாள். அடுத்த முறை ஆட்டவில்லை. அதற்கடுத்த முறை தொட்டுவிட்டு வேகமாக வெளியே போனாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் காலை எடுத்துக்கங்க டாக்டர். ஏதாவது பண்ணுங்க. என் காலை எடுத்து வைங்க."

"அப்படியெல்லாம் முடியாதுங்க" என்றார் டாக்டர் மெதுவாக. அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டான், மறுபடியும் கேட்டான்.

அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு நடைக்கூடத்தில் அவன் மட்டும் நடந்தான். ஒவ்வோர் அடிக்கும் பூட்ஸ் டக் டக்கென்றது. வீட்டுச் சமையலறையில் கேட்ட அதே சத்தம். தாங்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி எறிந்தான். இடது பூட்ஸ் வாய் திறந்து கவிழ்ந்தது. உள்ளே குதிகால் துணியில் கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தான். இன்று பட்ட ரத்தம் இல்லை. அவள் வீட்டில் நடந்து பழக்கியபோது வழண்ட குதிகாலின் ரத்தம். அந்த பூட்ஸை வெளியே அவ்வளவு தட்டிப் பார்த்தவன், உள்ளே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதான்.

இடது பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் டீச்சர் எழுந்து சாய்ந்து உட்காரத் தொடங்கியிருந்த நாளில், ரேடியோ தன் மனைவியோடு பார்க்க வந்தான். பழங்களை மேசையில் வைத்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், தெரிந்ததைப் பேசினான்.

"நீ பொழைச்சதே அந்த பூட்ஸாலதான் கேப்டன். நானும் அதே மாதிரி வாங்கிட்டேன், பாரு."

டீச்சர் அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் மனைவியின் காலைப் பார்த்தாள். மெல்லிய வார் வைத்த செருப்பு. நகங்களில் புதிதாகப் பூசிய சாயம்.

"எதுல வந்தீங்க?"

"பைக்லதான்க்கா" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் கணவன் பக்கம் திரும்பினாள். "கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அதை எடுங்க."

"வேணாம்மா..."

"எடுங்க."

அவன் எடுத்தான். அவள் வலது பூட்ஸை வாங்கித் தன் வலது காலில் மாட்டினாள். ஜிப்பை இழுத்து மூடி, காலை நீட்டிக் காட்டினாள். ஓர் இம்மி கூடவோ குறையவோ இல்லை.

"பாத்தீங்களா? எனக்கு அளவா இருக்கு" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "விடுமுறை முழுக்க இதைப் போட்டு நடந்தேன். தினமும் பாத்தீங்க. இவளுக்கும் கால் இருக்கு, இவளும் அதே வண்டியிலதானே வரப் போறான்னு ஒரு நாள் தோணலியா உங்களுக்கு? நானும் அழுத்திக் கேக்கலை. அதுக்குத்தான் இப்ப அழுறேன்."

கேப்டன் எழுந்து போய் ரேடியோவின் கையிலிருந்த பைக் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"என்ன கேப்டன்?"

"என்னை அப்படிக் கூப்பிடாத. நான் சொல்றதைக் கேளு. வண்டி சாயும்போது ஓட்டுறவன் யாரு, பின்னாடி உக்காந்திருக்கிறது யாருன்னு ரோடு பாக்காது. உன் காலுக்கு என்ன வேணுமோ அதேதான் அவ காலுக்கும் வேணும். தலைக்கும் அப்படித்தான், கைக்கும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் வாங்க முடியலைன்னா, ரெண்டு பேரும் பஸ்ல போங்க. நம்மளை நம்பித்தான்டா பின்னாடி ஏறி உக்கார்றாங்க." சாவி இருந்த சட்டைப் பையை அழுத்திப் பிடித்தான். "இன்னிக்கு பஸ்லயே போயிடுங்க. அவளுக்கு பூட்ஸ் வாங்கிட்டு வந்து என்கிட்ட சாவியை வாங்கிக்க."

ரேடியோவுக்கு முதல் முறையாகப் பேச வாய் வரவில்லை. அவன் மனைவி செருப்புக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனைத் தொட்டு, "வாங்க, பஸ்ஸுக்குப் போகலாம்" என்றாள்.

அவர்கள் போன பிறகு கேப்டன் தரையில் உட்கார்ந்து மனைவியின் வலது காலிலிருந்து பூட்ஸை மெல்லக் கழற்றினான். குதிகாலில் பழைய புண்ணின் தழும்பு இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள் டீச்சர் சுவரைப் பார்த்தபடி. "எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அவளுக்காவது சொன்னீங்களே."