எதிர்ப்பேட்டையின் ஊற்று

"அம்மா, பூமிக்கு அடியில ஓடுற தண்ணி எந்தப் பேட்டை?"

ஃபோஸ்காவின் மகள் சின்ன வயதில் ஒருமுறை இப்படிக் கேட்டாள். ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் பேட்டைகளாகப் பிரிந்த இத்தாலிய நகரம் சியெனாவில் நாய்க்கும்கூடப் பேட்டை உண்டு என்பதால் கேள்வியில் தவறில்லை. ஃபோஸ்காதான் சிரித்து மழுப்பிவிட்டாள்.

நகருக்கு அடியில் முன்னோர் குடைந்த நீர்ச்சுரங்கங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சாவி அவள் வீட்டு ஆணியில் தொங்கும். போன வசந்தத்தில் உள்ளே வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, விளக்கும் அணைந்து கிடந்தாள். அவள் குரல் கேட்டுத் தன் வீட்டுக் கிணற்றின் வழியே கயிற்றில் இறங்கி வந்தவன் எதிர்ப்பேட்டை நெல்லோ. முதுகில் சுமந்து சுரங்க வாசலில் இறக்கினான்.

"வெளியில சொல்லிடாதீங்கக்கா. உங்களைச் சுமந்தேன்னு தெரிஞ்சா எங்காளுங்க என்னை அந்தக் கிணத்துலயே போட்டுடுவாங்க," என்றான்.

தெரிந்தால் அவள் பேட்டையும் அவளைச் சும்மா விடாது. அவன் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இன்று மாலை நெல்லோவின் பெண்குழந்தைக்குப் பேட்டை ஞானஸ்நானம். பேட்டையின் சொந்த ஊற்று நீர் தலையில் பட்டால்தான் அது பேட்டைப் பிள்ளை. வேறு தண்ணீரைக் குடத்தில் கொண்டுவர யாருக்கும் மனம் வராது. ஆனால் காலையிலிருந்து அவர்கள் ஊற்று வறண்டு கிடந்தது.

மதியச் சாப்பாட்டில் ஃபோஸ்காவின் தம்பி துல்லியோவுக்குக் கொண்டாட்டம்.

"அவங்க பிள்ளைக்கு இந்தத் தடவை ஒயின்லதான் முழுக்கு. அப்பன் குடிக்கிற குடிக்கு அதுவும் பொருத்தம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். துல்லியோவின் கால்சட்டை விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு காய்ந்திருந்ததை ஃபோஸ்கா பார்த்தாள். அந்தச் சேறு சுரங்கத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

"சாவியை எடுத்தியாடா?"

"நான் எதுக்குக்கா எடுக்கப்போறேன்?" என்றவன் தட்டையே பார்த்தான்.

விஷயம் தெரிந்தால் தெருவில் மண்டை உடையும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது விளக்கோடு இறங்கினாள். சுவர் மாடத்து மாதாவின் முன் சிலுவை வரைந்துகொண்டு, அடைப்பு எங்கே இருக்கும் என்று தெரிந்தவளாக நேராக நடந்தாள்.

பெரிய வாய்க்காலிலிருந்து எதிர்ப்பேட்டை ஊற்றுக்குப் பிரியும் கிளை வாய்க்காலின் துளையில் ஒரு துணி திணிக்கப்பட்டிருந்தது. இழுத்து விரித்தால், எதிர்ப்பேட்டையின் பட்டுக் கழுத்துத்துணி. பேட்டைகளின் ஆகஸ்ட் குதிரைப் பந்தயத்துக்குப் பின் நடந்த கைகலப்பில் துல்லியோ பறித்தது. அவர்கள் நிறத்தைக் கொண்டே அவர்கள் ஊற்றை அடைத்திருக்கிறான். அதை எரித்துவிட அவனுக்குக் கை வரவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஈரத்தோடு சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

தண்ணீர் வண்டலோடு பாய்ந்து வந்தது. பச்சைக் குழந்தையின் நெற்றியில் சேறு விழலாமா? ஃபோஸ்கா ஈரத் தரையில் முட்டி போட்டு, இடது உள்ளங்கையால் துளையை மறித்துக்கொண்டாள். கலங்கலை வலது கையால் பெரிய வாய்க்காலுக்கே திருப்பித் தள்ளிக்கொண்டே இருந்தாள். விரல்கள் மரத்துப்போயின. விளக்கு வெளிச்சத்தில் வாய்க்காலின் அடித்தரை தெரியும்வரை விடவில்லை.

பிறகு கையை எடுத்தாள்.