கைக்கெட்டாத முதுகு

திலக்ஷனுக்கு உடம்பெல்லாம் முடி. நெஞ்சு, வயிறு, தோள்பட்டை, முதுகு என்று ஓர் இடம் பாக்கியில்லை. கலியாணமான புதிதில் தனுஷிகாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வட்டகொடைக் குளிருக்குக் கடவுளே போர்த்திவிட்ட கம்பளி என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவனும் அதைக் குறையாக நினைத்தவனில்லை. நானுஓயா ஸ்டேஷனில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களை வேனில் நுவரெலியாவுக்கு ஏற்றிப் போவது அவன் தொழில். எந்தக் குளிரிலும் மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டுத்தான் வேனில் ஏறுவான்.

தலவாக்கலையில் ஆண்டியப்பன் மாஸ்டர் நடத்தும் ஜிம்முக்கு அவன் சில வருஷங்களாகப் போய்க்கொண்டிருந்தான். அந்த வருஷம் ஹட்டனில் நடக்கவிருந்த ஆணழகன் போட்டிக்கு மாஸ்டரே அவன் பெயரைக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒன்றைச் சொல்லியும் விட்டார்.

"ஒடம்பு ஏறிருச்சுடா. ஆனா இந்தக் காட்ட வச்சுக்கிட்டு மேடையில ஏற முடியாது. மேல பூசுற கலரு முடியில திட்டுத் திட்டா நிக்கும். சுத்தமா எடுத்துட்டு வா."

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னான். தனுஷிகா அவனுக்காக அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

அவள் வேலை செய்வது தலவாக்கலை டவுனில், ஹம்சினி அக்காவின் பியூட்டி பார்லரில். புருவத்துக்கு நூல் போடுவது, கை கால்களுக்கு வெக்ஸ் போடுவது, கலியாணப் பெண்ணைத் தயார் பண்ணுவது எல்லாம் அவள் கைவேலைதான். முடியை எடுப்பது பற்றி அவளிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பான்? ஆனால் அவன் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு கலியாண வேலை முடிந்து அவள் வீடு வரப் பிந்திவிட்டது. வேன் ஓட்டிக் களைத்து வந்தவனுக்குச் சாப்பாடு தயாராக இல்லை. "மயிரு புடுங்குற வேலைக்கு இம்புட்டு நேரமா?" என்று கத்திவிட்டான். வேறு எந்த வேலை செய்கிறவளாக இருந்தாலும் அது வெறும் வசவு. தனுஷிகாவுக்கு அது வசவாகவும் இருந்தது, உண்மையாகவும் இருந்தது. சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அன்றிலிருந்து பார்லரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

திலக்ஷன் முதலில் ரேசரை எடுத்தான். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் தகரம் அடித்த குளிக்கும் மறைப்புக்குள் போய், குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமுமாக நெஞ்சை மழித்தான். முதுகுக்குக் கை எட்டவில்லை. அகப்பைக் காம்பில் ரேசரைக் கட்டி முயன்றிருக்கிறான். வெளியே வந்தபோது முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்பக்கம் பாதி மலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பாதியை விட்டுவைத்த தேயிலை மாதிரி இருந்தது. தனுஷிகா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள். ரேசர் தோலோடு ஒட்ட வெட்டுமே தவிர வேரைத் தொடாது. ஓரிரண்டு நாளில் முள்ளு முள்ளாக வந்துவிடும். இவனுடையது சுருட்டை முடி. நுனி திரும்பித் தோலுக்குள்ளேயே வளரும். பார்லருக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் அவள் சொல்கிற விஷயம்தான் இது.

அப்படியேதான் ஆனது. அந்த வாரக் கடைசியில் நெஞ்சு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் குரு. வேன் ஓட்டும்போது ஒரு கையால் சொறிந்துகொண்டே இருந்தான்.

அடுத்தது கிரீம். நுவரெலியாவில் ஒரு பாமசியில், பொம்பளைப் படம் போட்ட பெட்டியைத் தாளில் சுற்றி வாங்கி வந்தான். அதைப் பூசுவதற்கு முன் முழங்கைக்குள்ளே கொஞ்சம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஏற்கனவே புண்ணான தோலில் பூசவே கூடாது. அழுகிய முட்டையும் பூவாசமும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் குசினி வரைக்கும் வந்தபோது தனுஷிகாவுக்கு விளங்கிவிட்டது. சொல்ல வேண்டியது வாய் வரை வந்தது. அவள் பருப்பைக் கிண்டினாள்.

முடி தடிப்பு என்று நினைத்து, பெட்டியில் போட்டிருந்த நேரத்தையும் தாண்டி அவன் கிரீமை வைத்திருந்தான். கழுவும்போது முடியோடு தோலும் வந்தது. இரண்டு நாள் சட்டை போட முடியவில்லை. வேனுக்குள் சீட் பெல்ட் நெஞ்சில் உரசும் ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி மருந்து வாங்கி வரச் சொன்னவள் அவள்தான். களிம்பைப் பூசிவிட்டதும் அவள்தான்.

மறுநாள் பஸ்ஸில் தலவாக்கலைக்குப் போகும்போது அவளுக்கு மனசு சரியில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி அந்தப் பெட்டியோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால்கூட, "அக்கா, மொதல்ல கையில போட்டுப் பாருங்க" என்று சொல்லியிருப்பாள். இவனிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் பேசியது தப்புத்தான். அதற்காக வெந்துபோகட்டும் என்று விட்டதும் சரியில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தாள்.

"இனிமே ஒண்ணும் பூசாதீங்க, ஒண்ணும் வெட்டாதீங்க. புண்ணு ஆறட்டும், முடி ஒரு அரிசி நீளத்துக்கு வளரட்டும். நான் வெக்ஸ் போட்டு விடுறேன்."

"வலிக்குமா?"

"வலிக்கும்."

அவன் யோசித்தான். "பார்லர்ல நூலால செய்வீங்களே, அது?"

"அது மொகத்துக்குத்தான். ஒங்க முதுகுக்கு நூல் போட்டா போட்டி முடிஞ்சு அடுத்த போட்டியும் வந்துரும்."

"ஒரு மெசின் இருக்காம்ல? கரண்டுல ஓடுறது."

"அதுவும் வேரோடதான் இழுக்கும். வெக்ஸ் ஒரே இழுவையில இழுக்கும், அது ஒண்ணொண்ணா இழுக்கும். எது வேணும்?"

"லேசரு?"

"அதுக்குக் கொழும்புக்குப் போகணும். அதுவும் ஒரு தடவ போனாப் போதாது, மாசா மாசம் போகணும். போறீங்களா?"

அவன் தட்டிலிருந்த முட்டையை எடுத்துச் சாப்பிட்டான்.

போட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை குசினியில் வைத்துச் செய்தாள். போட்டிக்கு முதல் நாள் போட்டால் சிவந்து நிற்கும், அது வடிய இரண்டொரு நாளாவது வேண்டும். சீனியும் தேசிக்காய்ச் சாறும் கொஞ்சம் தண்ணீரும் சட்டியில் ஊற்றி, தேன் நிறம் வரும் வரை காய்ச்சினாள். பார்லரில் ஹீட்டர் இருக்கிறது. இங்கே வெக்ஸ் அடுப்பை விட்டு இறக்கிய உடனே இறுகப் பார்த்தது. அதனால் சட்டியைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டாள். குளிரில் மயிர்க்கால் இறுகி முடியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், சூடான துவாயை அவன் முதுகில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தாள். முடி போகிற திசையில் பூசி, துணியை ஒட்டி, தடவி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த் திசையில் ஒரே இழுவை.

திலக்ஷன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காம்பிராவில் இருந்த காளியாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"என்னா புள்ள, புருசனப் போட்டு அடிக்கிறியா?"

"இல்ல பெரியம்மா, அழகுபடுத்துறேன்."

முதல் நாலைந்து இழுவைக்கு அவன் முனகினான். பிறகு பழகிவிட்டது. சுட்டு ஆறிய நெஞ்சுப் பக்கத்தை அவள் தொடவில்லை, அங்கே முடியும் அவ்வளவாக வளரவில்லை. போட்டியன்றைக்குக் காலையில் ட்ரிம்மரால் மேலோட்டமாக எடுத்தால் போதும் என்றாள். வேலை முதுகிலும் தோளிலும்தான். பாதியில் அவன் திரும்பாமலே கேட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தன பேருக்கு இப்புடி இழுப்ப?"

"கலியாண சீசன்ல கணக்கில்ல."

"கை வலிக்காதா?"

"வலிக்கும். வெரல் சுடும். நின்னு நின்னு காலு வீங்கும்."

முடிந்ததும் எழுந்து போய் அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினான்.

ஹட்டன் மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். மேடைக்குப் பக்கத்து அறையில் பையன்கள் வரிசையாக நின்று கலர் பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு ரேசர் குரு. சிலருக்கு வெட்டுக் காயத்தில் கலர் இறங்கிக் கறுத்திருந்தது. திலக்ஷனின் முதுகில் கலர் வழுவழுவென்று பரவியது. தசை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆண்டியப்பன் மாஸ்டர் அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடேய், சூப்பரா இருக்குடா! எங்க செஞ்ச?"

தண்ணீர்ப் போத்தலும் துவாயுமாகத் தனுஷிகா இரண்டடி தள்ளி நின்றாள்.

"கண்டியில ஒரு சலூன்ல, மாஸ்டர்" என்றான் திலக்ஷன்.

அவள் போத்தலின் மூடியைத் திறந்து மூடினாள்.

அவனுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. கையில் கேடயத்தோடு போட்டோ எடுத்தார்கள், மாலை போட்டார்கள். வேனில் திரும்பி வரும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். கொட்டகலை தாண்டிய பிறகுதான் தான் மட்டும் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது.

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"கண்டி சலூன்ல போயிக் கேளுங்க."

அவன் கியரை மாற்றினான்.

"பொம்பள செஞ்சு விட்டான்னு சொன்னா பசங்க கேலி பண்ணுவானுங்க, தனுஷி. அதுக்குத்தான்."

"பொம்பளயா? நான் ஒங்க பொண்டாட்டிங்க."

வீட்டுக்கு வந்தார்கள். கேடயத்தை அவன் டீவிக்கு மேலே வைத்தான். அவள் அதைத் தூசு தட்டி வைத்தாள்.

முடி மறுபடி வளர்ந்தது. கண்டியில் இன்னொரு போட்டி என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் சாயந்திரம் திலக்ஷன் சீனிப் பையையும் தேசிக்காயையும் தானே வாங்கி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள்.

"செய்யிறேன். மொதல்ல மாஸ்டருக்குப் போன் பண்ணி, போன தடவ யாரு செஞ்சான்னு சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. பார்லரில் வருகிறவர்களிடம் 'தலையைக் கொஞ்சம் சாய்ங்க' என்று சொல்கிற அதே குரல். அவன் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற வாசல் பக்கம் போனான். பிறகு அவன் பேசுவது அவளுக்குக் கேட்டது.

"மாஸ்டர், நான்தான். அன்னைக்கு கண்டி சலூன்னு சொன்னேன்ல... இல்ல மாஸ்டர், பொய். வீட்லதான் செஞ்சது. தனுஷிகாதான் செஞ்சா. ஆமா, மொத்த முதுகும் அவதான்."

அந்தப் பக்கம் மாஸ்டர் நீளமாக ஏதோ சொன்னார். கேலியா பாராட்டா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவன் காது மடல் சிவந்திருந்தது, அது குளிராலும் இருக்கலாம். உள்ளே வந்து சொன்னான்.

"மத்தப் பசங்களுக்கும் செஞ்சு குடுப்பியான்னு கேக்குறாரு."

தனுஷிகா தேசிக்காயை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"நான் செய்யல. அவங்கவங்க வீட்டு ஆளுங்கள ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. ஒங்க முதுகுலயே சொல்லித் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். புதிதாகக் கலியாணமான இரண்டு பெண்கள், ஒரு பையனின் அக்கா சுலக்ஷனா. காட்டிக் கொடுக்க ஓர் உடம்பு வேண்டும். திலக்ஷனைச் சட்டையைக் கழற்றி ஸ்டூலில் உட்கார வைத்தாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"துணிய மேல தூக்கக்கூடாது. தோலோட ஒட்டினாப்பல பின்னுக்கு இழுக்கணும். இந்தக் கையால தோலப் புடிச்சுக்குங்க. புடிக்காட்டி ரத்தம் கட்டிரும்."

முதலாமவள் பயந்து பயந்து இழுத்தாள். பாதி முடி அப்படியே நின்றது, திலக்ஷன் சுவரைப் பார்த்துக் கத்தினான். இரண்டாமவள் சரியாக இழுத்தாள். சுலக்ஷனா தன் முறை வந்தும் துணியை எடுக்கவில்லை. குசினி வாசல் பக்கம் தனுஷிகாவைத் தள்ளிக்கொண்டு போய், சால்வையால் வாயைப் பொத்தியபடியே கேட்டாள்.

"இந்த மீசைக்கும் இதையே போடலாமா, தங்கச்சி? இத்தன வருசமா தம்பியோட ரேசரத்தான் ஒளிச்சு எடுத்துக்கிட்டு இருக்கேன்."

"வேணாங்கா, மொகத்துக்கு நூல் போதும். வாங்க."

தனுஷிகா அவளை வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார வைத்தாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறு முனையை விரல்களில் சுற்றினாள்.