குடிலில் குழந்தை இல்லை

அந்தக் கடையில் அவளை எல்லோரும் ஸ்டார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாடிக் கடை. நடுவில் தரையிலிருந்து கூரைவரை திறந்தபடி ஒரு பெரிய கூடம். டிசம்பர் பிறப்பதற்கு முன்பே அந்தக் கூடத்தில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். எது எந்த உயரத்தில் தொங்க வேண்டும், எந்த விளக்கு மினுக்க வேண்டும், எது சும்மா எரிந்தால் போதும் என்பதெல்லாம் அவள் கையில். ஏணியில் ஏறினால் சாப்பாட்டு ஞாபகம் வராது. கீழே நின்று யாராவது கத்திக் கூப்பிட்டால்தான் இறங்குவாள்.

வீட்டைப் பொறுத்தவரை அவள் திரைச்சீலை விற்கிறவள்.

அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்தது திரைச்சீலைப் பிரிவில்தான். அவள் ஜன்னல் ஜோடிக்கும் அழகைப் பார்த்து மேனேஜர்தான் மறு வருஷம் அலங்காரப் பிரிவுக்கு மாற்றினார். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். போன நேரம் பார்த்து அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வாய்விட்டுப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் யாருடைய பண்டிகை என்பது தலைப்பு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் காட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

அப்பா ஒரு சின்னச் சபையின் போதகர். அந்தச் சபையில் கிறிஸ்துமஸ் கிடையாது. கிறிஸ்துவை விழுந்து விழுந்து கும்பிடுகிறவர்கள் அவர் பிறந்தநாளை மட்டும் விட்டுவிடுகிறார்களே என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்டையைச் சொறிவார்கள். விளக்கம் சொல்ல அப்பாவுக்கு அலுத்ததே இல்லை. வேதத்தில் தேதி எங்கே இருக்கிறது என்று ஆரம்பிப்பார். மேய்ப்பர்கள் ராத்திரி வெட்டவெளியில் மந்தை காத்தார்கள் என்றால் அது குளிர்காலமாக இருக்குமா என்பார். ஆதிச் சபைக்கு அவர் உயிர்த்தெழுந்ததுதான் பெரிதாக இருந்தது, பிறந்த தேதியை யாரும் தேடி அலையவில்லை, இந்த இருபத்தைந்தாம் தேதி நாலாம் நூற்றாண்டில்தான் ரோமில் தலைகாட்டுகிறது, அங்கே அதே நாளில் சூரியனுக்கும் ஒரு விழா இருந்தது, மரமும் பரிசும் பிற்பாடு ஒவ்வொரு தேசத்திலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டவை என்று அடுக்குவார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, கடைக்காரர்கள் வந்து பிள்ளையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கல்லாவை நடுவில் வைத்துவிட்டார்கள் என்று முடிப்பார். சபை ஆமென் சொல்லும். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் அவளும் சொல்லுவாள்.

ஒரு வருஷம் தள்ளிப்போனால் அடுத்த வருஷம் சொல்வது இன்னும் கஷ்டம். அப்படியே வருஷங்கள் உருண்டுவிட்டன. டிசம்பரில் தலைமுடியெல்லாம் ஜிகினா. கடையின் கழிவறையில் தலையை உதறி உதறித் துடைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அப்படியும் ஒருநாள் அம்மா காதோரத்தில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இப்போதெல்லாம் திரைச்சீலைத் துணியிலும் ஜரிகை வருகிறது என்று சொல்லிச் சமாளித்தாள். அப்பா கடைவீதிப் பக்கமே வராதவர், அதிலும் டிசம்பரில் அங்கே தலைவைத்தும் படுக்கமாட்டார் என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெம்பு.

இந்த வருஷம் கூடத்தின் நடுவில், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பெரிய குடில் வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கிட்டத்தட்ட ஆள் உயரச் சிலைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தால் மரியாள் இருக்கிறாள், சூசை இருக்கிறார், மேய்ப்பர்கள், மூன்று ராஜாக்கள், ஒட்டகம், எல்லாம் இருக்கிறது. கழுதை இரண்டு இருக்கிறது. குழந்தை இல்லை. குழந்தைக்குப் பதிலாக ஒரு கழுதையைக் கூடுதலாக வைத்து அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களிடம் கேட்டதற்கு வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். அது வரவேயில்லை.

நடுவில் வைக்கோல் போட்ட தீவனத் தொட்டி காலியாகக் கிடந்தது. இப்படி வெறுமையாக விடக்கூடாது என்று மேனேஜர் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து ஒரு நாளைக்கு நாலு முறை போன் வந்தால் யாருக்கும் புத்தி அந்தப் பக்கம்தான் போகும். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெரிய பரிசுப் பெட்டியை எடுத்து, அதன்மேல் அந்த வாரத் தள்ளுபடியைக் கொட்டை எழுத்தில் ஒட்டச் சொல்லி, வைக்கோலில் வைக்கச் சொன்னார். அவள் மென்று முழுங்கினாள். சில வீடுகளில் குழந்தையைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தானே வைக்கிறார்கள், அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்றார் அவர். அவள் வைத்தாள்.

மரியாள் அந்தப் பெட்டியைத்தான் கனிவோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சூசை அதற்குத்தான் காவல். ராஜாக்கள் அதற்கு முன்னால்தான் மண்டியிட்டிருந்தார்கள்.

யாராவது கேட்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். கூட்டம் வந்தது, வரிசையில் நின்றது, குடும்பம் குடும்பமாகக் குடிலை ஒட்டி நின்று போட்டோ எடுத்தது, பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மேல்மாடிக்கு ஏறியது. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடியே அறியாதவள் அவள். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பாவின் பிரசங்கத்துக்குத் தானே சாட்சி ஜோடித்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு மத்தியானம் புகார் மேசையிலிருந்து போன் வந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் குரலைத் தாழ்த்திப் பேசினாள். பெரியவர் ஒருத்தர் வந்திருக்கிறார், சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை, குடிலில் குழந்தை இல்லை, பொறுப்பானவர்களைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று நிற்கிறார் என்றாள்.

அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே என்று அவள் கிட்டத்தட்ட ஓட்டமாகத்தான் போனாள். மேசைக்கு முன்னால் நின்றவரின் முதுகு தெரிந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நைந்துபோன காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்த தையல் அம்மாவுடையது. திரும்பி ஓடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அவர் திரும்பிவிட்டார்.

சபைக் கூடத்தில் சாயங்கால வெயில் கண்ணைக் கூசுகிறது, ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்று அப்பா நாலு பேரிடம் விசாரித்திருக்கிறார். பெற்ற பெண்ணே திரைச்சீலை விற்கும்போது ஊரெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள் என்று அம்மா விரட்டி அனுப்பியிருக்கிறாள். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் சொன்னது இவ்வளவுதான்.

"மாடியில போய் உன்னைக் கேட்டேன். ஸ்டார் அக்காவா, அவங்க கீழ குடில்கிட்ட இருப்பாங்கன்னு சொன்னாங்க."

எத்தனை வருஷமாக என்று கேட்டார். சேர்ந்த மறு வருஷத்திலிருந்து என்றாள். புகார் மேசைப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ தேடுகிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"சரி. அதை வீட்டுக்குப் போகும்போது பேசிக்கலாம். இப்ப அந்தப் பிள்ளை எங்க?"

நடந்ததை அவள் சொன்னாள். கழுதைக் கதை வந்தபோது அவர் உதடு லேசாகத் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. இருவரும் குடில் பக்கம் நடந்தார்கள். அப்பா சிவப்பு ரிப்பனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத்தனை வருஷமா நான் வாயால சொன்னது இங்க கண்ணுக்கு முன்னால இருக்கு. பார்த்தியான்னு சந்தோஷப்படணும். முடியலம்மா. நாம இந்த நாளைக் கொண்டாடலை, அது வேற. கொண்டாடுறவங்க யாருக்காகக் கொண்டாடுறாங்களோ அவருக்கே இடம் இல்லைன்னா எப்படி?"

"பொம்மைப் பிரிவுல ஏதாவது பார்க்கலாமா, அப்பா?" என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

அப்படித்தான் இருபத்தைந்தாம் தேதியை ஒத்துக்கொள்ளாத போதகர், டிசம்பர் மாதத்துக் கூட்டத்தில், மூன்றாவது மாடியில் மகளோடு நின்று குழந்தை பொம்மை தேடினார். ஒன்றுக்குக் கண் பூனைக்கண். ஒன்று வாயில் புட்டியோடு வந்தது. ஒன்றுக்கு உதட்டுச் சாயம் பூசியிருந்தது. அதை அவர் கையில் எடுத்துவிட்டு, சுட்டதுபோல் திருப்பி வைத்தார். கடைசியில் சாதாரண முகத்தோடு ஒன்று கிடைத்தது. படுக்க வைத்தால் அது அம்மா என்று கத்தியது. நிமிர்த்தினால் நிறுத்தியது. படுக்க வைத்தால் மறுபடி அம்மா. அவள் மேலங்கிப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து முதுகைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். கழற்றும்வரை அப்பா அதைத் தோளில் சாய்த்தே பிடித்துக்கொண்டிருந்தார்.

திரைச்சீலைப் பிரிவில் வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணி கிடைத்தது. கூடத்துக்கு வந்து, அவள் பரிசுப் பெட்டியைத் தூக்கி எடுத்தாள். அப்பா துணியை ஒரு முனை மடித்துப் பொம்மையைக் குறுக்கே கிடத்தி, இரண்டு பக்கமும் இழுத்துச் செருகிச் சுற்றிய வேகத்தைப் பார்த்து அவள் அசந்துபோனாள்.

"உன்னையும் இப்படித்தான் சுத்துவேன்" என்றார் அவர். "உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி. உன்னை அவளைவிட நான்தான் நல்லா சுத்துவேன்னு அவளே சொல்லுவா."

தரையில் மண்டியிட்டு வைக்கோலில் கிடத்தினார். தலைமாட்டில் குத்திக்கொண்டிருந்த ஒரு வைக்கோலை எடுத்துப் போட்டார். பொம்மைதான் என்று தெரிந்தும் எடுத்துப் போட்டார்.

அதற்குள் சின்னக் கூட்டம் கூடிவிட்டது. கை நிறையப் பைகளோடு நின்ற ஒரு அம்மாள், இத்தனை நாளாக இங்கே குழந்தை இல்லையா என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். பிறகு தன் போனை எடுத்து, போன வாரம் இதே இடத்தில் எடுத்த படத்தைத் தேடிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டாள். பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். தொட்டியைப் பார்த்தார், அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த பெரியவரைப் பார்த்தார். யார் இவர் என்று கேட்டார்.

"எங்க அப்பா" என்றாள் அவள். இந்த ஒரு வார்த்தையை இந்தக் கூடத்தில் நின்று சொல்வதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

மேனேஜர் பெட்டியைப் பற்றி மெல்ல இழுத்தார். மேலிடத்துக்குப் போகும் படத்தில் பெட்டி தெரிந்தாக வேண்டும், இல்லையென்றால் தன் தலை உருளும் என்றார். அப்பா குடிலை ஒரு சுற்றுப் பார்த்தார். மண்டியிட்டிருந்த ராஜாக்களில் ஒருவர் வெறுங்கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்ததாக இருக்கட்டுமே, பரிசோடு வந்தவர்கள்தானே அவர்கள் என்றார் அப்பா. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டியைத் தானே வாங்கி அந்தக் கையில் பொருத்தினார். நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, இப்போதுதான் குடில் மாதிரி இருக்கிறது என்றார். அவளை அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னதும் அவர்தான்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும், பொய் சொன்னது தப்பு என்றார் அப்பா. அவள் ஆமாம் என்றாள். பயமாக இருந்தது என்றாள்.

"என்னைப் பார்த்தா?"

"உங்க பிரசங்கத்தைப் பார்த்து."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே யோசித்தார். "பிரசங்கம் தேதியைப் பத்தினது. உன்னைப் பத்தினது இல்லை" என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும்விட்டது. இத்தனை வருஷம் தோளில் கிடந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து இறக்கி வைத்த மாதிரி, முதுகு தானாக இருக்கையில் சாய்ந்தது. நட்சத்திரம் கட்டுவதைப் பற்றி, கயிறு எப்படிப் போடுவது என்பதைப் பற்றியெல்லாம் அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். இனி எதையும் ஒளிக்க வேண்டாம் என்ற தைரியத்தில், தான் படித்த இன்னொன்றையும் போட்டு உடைத்தாள். சூரிய விழாவுக்காக அந்தத் தேதி வரவில்லை, மரியாள் கர்ப்பம் தரித்தது மார்ச் இருபத்தைந்து என்று பழைய ஆட்கள் நம்பினார்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணித்தான் டிசம்பருக்கு வந்தார்கள் என்றும் சில அறிஞர்கள் சொல்கிறார்களே, அப்பா?

"எனக்கும் தெரியும்" என்றார் அப்பா.

"பின்ன ஏன் பிரசங்கத்துல சொல்றதில்லை?"

"சொன்னா நீளும்."

அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. மார்ச் இருபத்தைந்து மட்டும் வேதத்தில் இருக்கிறதா என்று அவர் ஆரம்பிக்க, முன் இருக்கைக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பேச்சில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயில் இன்னும் மிச்சமிருந்த தெருவில், பேசிக்கொண்டே வீட்டை நோக்கித் திரும்பி நடந்தார்கள்.