மைனஸ் ஒன்றுக்கு ஒரு சீட்

"மனித குலம் விழுந்த பள்ளங்களிலேயே ஆழமானது கற்பனை எண். அதில் விழாத ஒரே மூளை என்னுடையது."

இதைக் கல்லூரி கேன்டீனில் அறிவித்தவன் என் வகுப்புத்தோழன் சுந்தரராமன். கணக்குத் தாளில் வருடா வருடம் தோற்கும் மூளை அது.

"எந்த நம்பரையும் அதாலயே பெருக்கிப் பாரு மச்சான், மைனஸ் வருமா? அப்ப மைனஸ் ஒண்ணுக்கு ஏது ஸ்கொயர் ரூட்? இல்லாததுக்கு i-ன்னு பேர் வெச்சு உக்கார வைக்கிறான். ஃப்ராடுப் பசங்க!"

இந்தக் கொள்கை தேர்வு நாள் காலை வரை நீடித்தது. இம்முறையும் போனால் டிகிரி கிடையாது, மாமாவின் அரிசி மண்டிதான் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். எனவே, முந்தைய நாளே வகுப்பில் முதலாவதாக வரும் பேபியிடம் போய் நின்றிருந்தான். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறுபவள் அவள்.

"நின்னுகிட்டெல்லாம் சொல்லித்தர முடியாது. சீட் பிடிச்சு வை" என்றாள்.

தாம்பரத்தில் வண்டி காலியாக நின்றது. சுந்தரராமன் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரித்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன். பெட்டி நிமிடத்தில் நிரம்பியது. சாப்பாட்டுக் கூடையோடு ஒருவர் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, இங்க யாரு கீறாங்க?"

"ஃப்ரெண்டுங்க. டீ குடிக்கப் போயிருக்காரு."

வண்டி புறப்பட்டது.

"வண்டியே கெளம்பிடுச்சி, இன்னும் இன்னா டீ?"

"சானடோரியத்துல ஏறுவாருங்க."

"டீ இங்க, ஏறுறது அங்கயா? பேரு இன்னா?"

"ஏசுதாசன். ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பாரு. கால்ல அடிபட்டிருக்கு, நிக்க முடியாது."

சானடோரியம் வந்தது, போனது. ஏசுதாசன் வரவில்லை. குரோம்பேட்டையில் பேபி ஏறினாள். சுந்தரராமன் கைக்குட்டையை எடுத்தான். அவள் உட்கார்ந்தாள்.

"இவங்கதான் ஏசுதாசனா?" என்றார் கூடைக்காரர்.

பேபி புத்தகத்தைத் திறந்தாள். "முதல்ல, இல்லாத ஒண்ணை இருக்கிறதா வெச்சுக்கணும். நிறைய கணக்குல கடைசியில அது தானா போயிடும், நெஜமான விடை நிக்கும். இதெல்லாம் ஃப்ராடும்பியே, இப்ப சொல்லு பாக்கலாம்."

சுந்தரராமன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பென்சிலை எடுத்து i என்று எழுதினான். புள்ளி வைக்கவும் மறக்கவில்லை.